தமிழில் குடியேறிய இத்தாலியர்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்றோர் ஊர் வருகிறது. பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர் போன விருத்தாசலத்தை அறிந்தவர்களிலே பலர், மங்கலம்பேட்டையைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே பார்த்துக் கடந்து போயிருப்பார்கள். அதை அடுத்து இருக்கிறது கோணான்குப்பம் என்னும் சிற்றூர். அங்கே ஒரு மாதா கோயில். மாதாவின் திருப்பெயர் பெரியநாயகி. கோலமோ தமிழ்நாட்டுப் பெண்மணியின் கோலம். அந்தச் சுரூபம் செதுக்கப்பட்டதோ கடல் கடந்த மணிலா நகரத்தில் என்பார்கள். செதுக்கச் சொன்னவரோ இத்தாலி தேசத்தவர்!

அவர் பெயர் கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. அப்படிச் சொன்னால் நம்மில் பலருக்கு யாரென்று விளங்காது. வீரமாமுனிவர் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தலையசைக்கும். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி செய்தவர், எழுத்தைத் திருத்தியவர் என்று மூன்று வரியில் அவரை ஒப்பித்துவிடுகிறோம். ஆனால், முப்பது வயது நிரம்பும் வரை தமிழ் என்ற பாஷையின் ஓசையைக்கூட அறியாத ஒரு மனிதர், முன்பின் தெரியாத ஒரு தேசத்தில் வந்து இறங்கி, சோறுண்ணவும் காவி கட்டவும் பழகி, ஓய்ந்த நேரத்தில் எல்லாம் எதையாவது செய்துகொண்டே இருந்து, கடைசியில் அந்த நாட்டுக் கவிஞர் வரிசையில் இடம் பிடித்தாரே, அந்தக் குடியேற்றம் எப்படி நடந்தது என்பது சுவையான கதை.

கப்பலும் கால்நடையும்

இத்தாலியின் வடபகுதியில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பெஸ்கி பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709-இல் குருப்பட்டம் பெற்றதும், மதுரை மிஷனுக்குத் தம்மை அனுப்ப வேண்டும் என்று சபைத் தலைவர் தம்புரீனியிடம் விண்ணப்பம் செய்துகொண்டார். அந்நாளில் மதுரைக்குப் போகிறேன் என்று கேட்பது சாமானிய விஷயமன்று. லிஸ்பனில் கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோவா வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். வழியிலேயே மாண்டவர் பலர். வந்து சேர்ந்தவர் திரும்பிப் போவது அபூர்வம். மதுரை மிஷனைச் சேர்ந்த அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை துணிக்கப்பட்டு இறந்த செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. பெஸ்கிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதைக் கேட்டு வளர்ந்தவர்தாம் அதே சீமைக்கு வர அனுமதி கேட்டார்.

கோவாவிலிருந்து தெற்கே இறங்கி, இன்றைய கேரளத்தின் திருச்சூர்ப் பக்கத்திலுள்ள அம்பலக்காட்டில் சிறிது காலம் தங்கினார். அந்த அம்பலக்காட்டில்தான், பெஸ்கி பிறப்பதற்கு ஓராண்டு முன்னால், 1679-இல், புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அச்சாகியிருந்தது. பின்னாளில் அது மறைந்தே போயிற்று. தனிநாயகம் அடிகள் 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்த பிறகே உலகம் அதை மறுபடியும் பார்த்தது. அகராதி பிறந்த மண்ணில் தங்கிவிட்டு அகராதி செய்யப்போகிற மனிதர் 1711-ஆம் ஆண்டு கோடையில் மதுரைச் சீமையை அடைந்தார்.

காவியும் சந்தனமும்

வந்த இடத்தில் முதல் கண்டம் உடையில் இருந்தது. கறுப்பு அங்கியும் காலுறையும் போட்டுக்கொண்டு நம் ஊர்த் தெருவில் நடந்தால் அந்நாளில் அவருக்குக் கிடைக்கும் பெயர் பறங்கி. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், ஆசாரம் அற்றவன் என்று பொருள். அவன் சொல்லும் வேதத்தை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? இந்தச் சங்கடத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டவர் மற்றோர் இத்தாலியரான தத்துவ போதகர். 1606-இல் மதுரைக்கு வந்த அவர் சந்நியாசி வேஷம் பூண்டு, சைவ உணவு உண்டு, சம்ஸ்கிருதமும் தமிழும் படித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பண்டார சுவாமிகளாகத் திரிந்தார்கள்.

பெஸ்கியும் அந்த வழியையே பின்பற்றினார். புலாலை விட்டார். காவி உடுத்தார். நெற்றியில் சந்தனம் பூசினார். காதில் கடுக்கன் அணிந்தார் என்றும், புலித்தோல் விரித்த பல்லக்கில் ஏறிச் சென்றார் என்றும் அவருடைய பழைய சரித்திரம் வருணிக்கிறது. கான்ஸ்டன்சோ என்ற பெயருக்கு உறுதி உடையவர் என்று பொருள். அதைத் தமிழாக்கித் தைரியநாத சுவாமி என்று வைத்துக்கொண்டார். பின்னர் வந்த வீரமாமுனிவர் என்ற பெயரும் அதே பொருளின் வேறொரு சாயல்தான்.

வேஷம் போட்டுவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தென்பாண்டிச் சீமையில் எழுந்த கலகத்தில் அவர் மரண தண்டனைக்கே உள்ளானார். எப்படியோ உயிர் தப்பினார். இத்தனைக்கும் அவர் இந்நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வேறொருவராயிருந்தால் கோவாவுக்குத் திரும்பியிருப்பார். இவர் மதுரைக்குத் திரும்பி, ஏட்டுச் சுவடியை எடுத்து வைத்துக்கொண்டு தமிழ் படிக்க உட்கார்ந்தார்.

முப்பது வயதில் அரிச்சுவடி

வயது வந்தபின் ஒரு பாஷையைக் கற்பது எவ்வளவு சிரமம் என்பது வேலை தேடி வடக்கே போனவர்களுக்குத் தெரியும். பால் வாங்கவும் வழி கேட்கவும் ஆறு மாதத்தில் பழகிவிடலாம். அதற்குமேல் நகராது. பெஸ்கி கற்க வேண்டியிருந்ததோ ஒரு பாஷை அன்று, இரண்டு. சந்தையிலும் சாவடியிலும் பேசும் தமிழ் ஒன்று. புலவர்கள் பாட்டில் வழங்கும் தமிழ் மற்றொன்று. முன்னதைக் கொடுந்தமிழ் என்றும் பின்னதைச் செந்தமிழ் என்றும் பிரித்துக்கொண்டு, இரண்டையும் தனித்தனியே படித்தார். படித்தது மட்டுமா? இரண்டுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணமும் எழுதினார்!

அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது மரபு. கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது பாடிய அதே கவிராயர்தாம். சிருங்கார ரசம் சொட்டச் சொட்டப் பாடிய புலவரிடம் ஒரு துறவி பாடம் கேட்ட காட்சியை எண்ணினால் சிரிப்பு வருகிறது. ஆனால் இலக்கணத்துக்கும் யாப்புக்கும் ஆசிரியர் வேண்டுமென்றால் நல்ல ஆசிரியரைத்தானே தேட வேண்டும்? அந்த விஷயத்தில் பெஸ்கி கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

படிக்க வேண்டிய நூல்களும் கடையில் கிடைப்பவை அல்ல. எல்லாம் பனை ஓலை. ஒரு சுவடி ஒரு புலவர் வீட்டுப் பரணில், மற்றொன்று ஒரு மடத்துப் பெட்டியில், வேறொன்று கறையான் வாயில். கேட்டால் கொடுப்பார்களா? பிற மதத்துச் சாமியாருக்கு, அதுவும் வெள்ளைத் தோலுக்கு? ஊர் ஊராய்ச் சுற்றிய பிரயாணங்களில் அவர் ஏடு தேடி அலைந்தார் என்றும், கிடைத்ததையெல்லாம் படி எடுத்துச் சேர்த்தார் என்றும் சொல்வார்கள். அவருடைய இலக்கண நூல்களிலும் அகராதிகளிலும் காணப்படும் அறிவு, அரிச்சுவடியோடு நின்றுவிட்ட ஒருவருக்கு வரக்கூடியதன்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனில் மொழிபெயர்த்தார். காமத்துப்பாலைத் தொடவில்லை. விறலிவிடு தூதுக்காரரின் மாணவர் அங்கே மட்டும் துறவியாகிவிட்டார் போலும்! அந்த லத்தீன் பெயர்ப்பை ஜி. யு. போப் 1886-இல் வெளியிட்ட தம் திருக்குறள் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

காட்டில் காணாமற்போன சுரூபம்

கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சி என்ற ஊர் அவருடைய இருப்பிடமாயிற்று. அதற்குத் திருக்காவலூர் என்று அழகான பெயர் ஒன்றைச் சூட்டினார். அடைக்கல மாதாவுக்கு அங்கே ஆலயம். அவ்வூரின் மேல் ஒரு கலம்பகமே பாடிவிட்டார். ஒருவர் புதிய ஊரில் வேர் பிடித்துவிட்டார் என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டுமா? தமிழ்ப் புலவன் ஒருவன் தன் ஊருக்குச் செய்வதை இத்தாலியர் தம் ஊருக்குச் செய்தார்.

அங்கிருந்து வடக்கே, மங்கலம்பேட்டை வட்டாரத்துக்கு அவர் வந்த கதையை கோணான்குப்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மாதா சுரூபங்களைச் சுமந்துகொண்டு காட்டு வழியே வந்தாராம். களைத்துப் போய் ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தாராம். மாடு மேய்க்க வந்த சிறுவர்கள் ஒரு சுரூபத்தை எடுத்துப் புதரில் ஒளித்துவைத்து, காட்டுப் பூவைப் பறித்துப் போட்டு விளையாடினார்களாம். விழித்த முனிவர் தேடித் தேடிக் கிடைக்காமல் வருந்திச் சென்றாராம். முகாசாபரூரில் கச்சிராயர் என்ற பாளையக்காரர் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லாக் குறை. கனவில் மாதா தோன்றி, காட்டில் இருக்கும் தமக்குக் கோயில் கட்டச் சொன்னதாகவும், கச்சிராயர் சுரூபத்தைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பியதாகவும், பிள்ளைப் பேறு வாய்த்ததாகவும் கதை முடிகிறது. பின்னர் அவ்வழியே வந்த முனிவர் தாம் இழந்த சுரூபத்தை அங்கே கண்டு வியந்தாராம்.

இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பக்தி என்று நிறுத்துப் பார்ப்பது வீண் வேலை. ஆனால் பெட்டியை இழந்துவிட்டு அந்நியக் காட்டில் நின்று விழிக்கும் வழிப்போக்கனின் தவிப்பு மட்டும் கற்பனையாக இருக்க முடியாது. அப்படி எத்தனை பெட்டி, எத்தனை காடு!

கோணான்குப்பத்தில் அவர் கட்டிய ஆலயத்துக்குப் புதிய சுரூபம் ஒன்று வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து தருவித்திருக்கலாம். பொன்னிறக் கூந்தலும் நீலப் போர்வையுமாக வந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தமிழ்ப் பெண்ணின் உடையிலே மாதாவின் படம் ஒன்றை எழுதச் செய்து, மயிலாப்பூர் ஆயர் மூலம் மணிலாவுக்கு அனுப்பி, அதன்படியே சுரூபம் செய்வித்துத் தருவித்தார் என்று பழைய வரலாறு கூறுகிறது. பெரியநாயகி என்று பெயரிட்டார். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் விருத்தாம்பிகைக்கும் பெரியநாயகி என்றே தமிழ்ப் பெயர். ஒரு சுற்றுவட்டாரத்தில் இரண்டு கோயிலிலும் ஒரே திருநாமம் ஒலிக்கிறது. அந்தப் பெயர் இந்த மண்ணின் காதுக்குப் பழகியது என்பதை முனிவர் அறியாமலா இருந்திருப்பார்? ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் கோணான்குப்பத்துத் திருவிழாவுக்கு மதம் பாராமல் ஜனங்கள் திரள்கிறார்கள்.

எகிப்தில் ஒரு குடித்தனம்

தேம்பாவணியை அவர் பாடியதும் இந்த வட்டாரத்தில்தான் என்பது வழக்கு. கோணான்குப்பத்தை ஒட்டிய பகுதி அவருடைய பாட்டில் ஆரியனூர் என்று வரும். சொல்லிச் சொல்லி நான்கு பேரை எழுதச் செய்தார், ஒருவர் கை அவர் வாய்க்கு ஈடு கொடுக்கவில்லை என்று ஒரு கதையும் உண்டு. 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. 1726-இல் முற்றுப் பெற்றது. படிப்பவர்கள் திகைக்கக் கூடாதே என்று பிறகு தாமே உரையும் எழுதினார்.

காவிய நாயகர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர், ஒரு தச்சர். எபிரேய மொழியில் அப்பெயருக்கு வளர்ச்சி, பெருக்கம் என்ற கருத்து உண்டு. ஆகவே அவரை வளன் ஆக்கினார் முனிவர். யோவான் என்றால் இறைவன் கருணை காட்டினான் என்று பொருள். யோவான் கருணையன் ஆனார். பாலைவனம் சூழ்ந்த யூதேய நாட்டிலே நெல் விளைகிறது, வாளை துள்ளுகிறது, தாமரை பூக்கிறது. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காவிய மரபு ஒன்றும் விட்டுப் போகவில்லை. பாலஸ்தீனத்தை அவர் கண்டதில்லை. காவிரியையும் கொள்ளிடத்தையும் நாள்தோறும் கண்டார். கண்டதைப் பாடினார்.

அந்தக் காவியத்தில் ஒரு பகுதி தனியாகக் கவனிக்கத் தக்கது. ஏரோது மன்னனுக்கு அஞ்சி, வளனும் மரியாளும் குழந்தையை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். விவிலியத்திலே இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. தேம்பாவணியிலோ படலம் படலமாக நீள்கிறது. தெரியாத வழி, தெரியாத ஊர், தெரியாத தெய்வங்கள், அயலாரின் நடுவே ஒரு தச்சர் குடும்பம் வேலை செய்து பிழைக்க வேண்டிய நிலை. மூலக் கதைகளை அவர் ஸ்பெயின் நாட்டுக் கன்னி ஆகிருத மரியாளின் நூலிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பது உண்மையே. ஆயினும், உயிருக்கு அஞ்சி ஓடியதும், அந்நிய தேசத்தில் ஒண்டியதும், அங்கே கைத்தொழிலால் மதிப்புப் பெற்றதும் பாடுகிறவருக்குக் கேள்வி ஞானம் மட்டும் அன்று. அவருடைய தொழிற்கருவி உளிக்குப் பதில் எழுத்தாணி. வேற்றுமை அவ்வளவுதான்.

நான்கு அறைப் பெட்டி

காவியம் பாடியவர் அகராதி செய்ய வந்தது ஏன்? தமக்குப் பட்ட கஷ்டம் பின்னால் வருகிறவருக்கு வேண்டாம் என்றுதான் இருக்கும். அந்நாளில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் செய்யுள். தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மரப் பெயர் ஒரு தொகுதி. இளமையிலேயே திண்ணைப் பள்ளியில் உருப்போட்ட நம் புலவர்களுக்கு அது சௌகரியம். முப்பது வயதில் வந்த அந்நியர் என்ன செய்வார்? மரம் என்று தெரிந்தால்தானே மரத்தொகுதியில் தேட முடியும்? மரமா மீனா என்பதே தெரியாதபோது?

சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு தேடும் முறையைச் சிதம்பர ரேவண சித்தர் 1594-இலேயே தம் அகராதி நிகண்டில் தொடங்கி வைத்திருந்தார். ஆனால் அதுவும் செய்யுளே. முனிவர் 1732-இல் செய்து முடித்த சதுரகராதி, செய்யுளை விட்டுவிட்டு, முழு அகர வரிசையில் சொற்களை நிறுத்தியது. நான்கு அறை கொண்ட அஞ்சறைப் பெட்டி போல நான்கு பிரிவு. சொல்லைக் கொடுத்தால் பொருள் தருவது பெயரகராதி. பொருளைக் கொடுத்தால் அதற்குரிய பல பெயர்களைத் தருவது பொருளகராதி. முக்கனி, நவரத்தினம் என்று தொகையாக வழங்குவனவற்றை விரித்துச் சொல்வது தொகையகராதி. பாட்டுக் கட்டுகிறவனுக்கு எதுகைச் சொல் எடுத்துக் கொடுப்பது தொடையகராதி. இந்தக் கடைசி அறை யாருக்காக? வேதம் சொல்ல வந்தவருக்கு எதுகை எதற்கு? பாட்டு எழுதும் பைத்தியம் பிடித்தவருக்குத்தான் அது வேண்டும். அந்தப் பைத்தியம் முனிவருக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

எழுத்தில் அவர் செய்த திருத்தமும் இப்படிக் கஷ்டத்திலே பிறந்ததே. எகரமும் ஒகரமும் குறிலாயின் மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடிலாயின் வேண்டாம் என்பது பழைய விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். கொடியும் கோடியும் ஓலையில் ஒன்றாகவே நிற்கும். தென்னும் தேனும் அப்படியே. தமிழன் இடம் பார்த்துப் படித்துவிடுவான். அந்நியன் தேனைக் குடிப்பதா, தென்திசையில் நடப்பதா என்று தடுமாறுவான். நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்துவிட்டால் தீர்ந்தது என்றார் முனிவர். புள்ளியாயின் விடுபடும், சுழி விடுபடாது. எழுத்தாணியை எடுக்காமலே இழுத்துவிடலாம். இத்தனை எளிய யோசனை இத்தனை காலம் உள்ளூர்க்காரர் எவருக்கும் தோன்றாததில் வியப்பில்லை. தடுக்கி விழுந்தவனுக்குத்தானே கல் தெரியும்?

குதிரை முட்டை

துறவியாயிற்றே, சிரிக்கமாட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். பரமார்த்த குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் நமக்குத் தந்தவர் இவரே. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக் கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். சுடச்சுடக் கட்டை நீரில் பட்டதும் சுர்ரென்று புகைகிறது. ஐயோ, விழித்துக்கொண்டிருக்கிறது என்று கரையில் காத்திருக்கிறார்கள். கரை ஏறியதும் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு தலை குறைகிறது, ஓவென்று அழுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். குருவானவர் குதிரையிலிருந்து குழியில் விழுந்து கிடக்கிறார். விழுந்தால் எடுக்க வேண்டிய சாமான்களின் ஜாபிதாவை ஓலையில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் குருவின் பெயர் இல்லை! அதையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

இதை அவர் எழுதியது, பாஷை பயில வரும் ஐரோப்பியருக்கு வாசகப் பாடமாக. பேச்சுத் தமிழில் எழுத வேண்டும், படிப்பவர் அலுப்பில்லாமல் படிக்க வேண்டும். இதற்குச் சிரிப்பை விட நல்ல வழி ஏது? தமிழ் உரைநடையில் கதை என்று சொல்லத்தக்கவை இரண்டொன்றுகூட இல்லாத காலம் அது. கதைகளில் சில ஐரோப்பாவிலும் வழங்கியவை, சில இந்நாட்டுத் திண்ணைகளில் கேட்டவை. எது எங்கிருந்து வந்தது என்று இப்போது பிரித்து எடுப்பது கடினம். பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் ஆங்கிலப் பெயர்ப்புடன் லண்டனில் அதை அச்சிட்டார்.

எதிரியின் அச்சுக்கூடம்

அவர் சாந்த சொரூபி அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வாதம் என்று வந்துவிட்டால் பேனாவுக்குப் பதில் கத்தி. தரங்கம்பாடியில் 1706 முதல் லுத்தர் சபையார் இருந்தார்கள். அச்சுக்கூடம் வைத்துக்கொண்டு, விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுப் பரப்பினார்கள். அவர்களை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் என்று நூல்கள் எழுதினார் முனிவர். அவர்களுடைய தமிழையும் சேர்த்தே பரிகசித்தார். அவர்களும் விடவில்லை. கிறிஸ்தவர் இரு சாரார் தமிழிலே கட்டிய அந்த மல்யுத்தத்தால் மத விஷயத்தில் யாருக்கு வெற்றியோ, தமிழ் உரைநடைக்கு நல்ல தேகப்பயிற்சி கிடைத்தது.

இதில் ஒரு விநோதம். பெஸ்கி 1728-இல் எழுதி முடித்த கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டு வெளியிட்டவர்கள் யார்? அதே தரங்கம்பாடியார்தாம். ஆள் பகைவன், ஆனால் புத்தகம் இல்லாமல் முடியாது! தமிழ் கற்க வந்த புதிய பாதிரிமாருக்கு அதைவிட நல்ல நூல் அவர்கள் கையில் இல்லை. தம் நூல்களில் ஒன்றையாவது அச்செழுத்தில் காணும் பாக்கியம், பகைவர் தயவால் அவருக்குக் கிடைத்தது.

திருச்சிராப்பள்ளியைச் சந்தா சாகிபு ஆண்ட காலத்தில் அவரைக் காண்பதற்காக மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்றும், இஸ்மத் சந்நியாசி என்று பட்டமும் நான்கு கிராமங்களும் திவான் பதவியும் பெற்றார் என்றும் பழைய சரித்திரம் விரிவாகச் சொல்லும். திவான் உத்தியோகம் வரை போவதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஒப்புவதில்லை. பாஷை கற்கும் சாமர்த்தியத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

மீண்டும் அம்பலக்காடு

1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறை கொண்டு போனார்கள். சோழநாடு போர்க்களமாயிற்று. முனிவருக்கு அறுபது வயது. பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த ஏடுகளை விட்டுவிட்டுத் தெற்கே கடற்கரைப் பக்கம் போனார். மணப்பாட்டில் 1742-இல் இறந்தார் என்றே வெகுநாள் வரை எழுதி வந்தார்கள். பின்னர் சபையின் பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் வேறு செய்தி கண்டார்கள். அதற்கு மேலும் ஐந்து ஆண்டுகள் இருந்து, தாம் முதன்முதலாக வந்து தங்கிய அம்பலக்காட்டிலேயே, 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் காலமானார். ஓரியூரில் அருளானந்தர் மாண்டதும் அதே பிப்ரவரி 4-ஆம் நாள்தான். இத்தாலியை விட்டுக் கிளம்பிய பிறகு அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

போனபின் அவருடைய நூல்கள் பட்ட பாடு தனிக் கதை. சபைக்கும் கஷ்டகாலம் வந்தது, 1773-இல் போப்பாண்டவர் அதைக் கலைத்துவிட்டார். சுவடிகள் ஊருக்கு ஒன்றாய்ச் சிதறின. சென்னைக் கோட்டைக் கல்லூரியோடு தொடர்பு கொண்டிருந்த எல்லிஸ் துரை, முத்துசாமிப் பிள்ளையை அனுப்பி அவற்றைத் தேடச் செய்தார். ஏடு தேடி அலைந்தவரின் ஏட்டைத் தேடி இப்போது பிள்ளையவர்கள் ஊர் ஊராய் அலைந்தார். நூல்களோடு ஊரார் சொன்ன கதைகளையும் கேட்டுத் திரட்டி, 1822-இல் முனிவரின் சரித்திரத்தை எழுதினார். கடுக்கனும் புலித்தோலும் நமக்கு அதன் வழியாகத்தான் வந்தன. சதுரகராதி முழுமையாக அச்சில் வந்தது 1824-இல். தேம்பாவணிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. முனிவர் இறந்து ஒரு நூறாண்டுக்கு மேல் ஆனபின், 1851 முதல் 1853 வரை, புதுச்சேரியில் மூன்று பாகங்களாக அது வெளிவந்தது.